பத்து ஏபி எழுதினால் கல்லூரிச் செலவு பாதியாகுமா?

வைகைக்கரையான்:
இங்கே அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: “பிள்ளையை ஹைஸ்கூலிலேயே பத்து ஏபி எழுத வையுங்கள், கல்லூரிச் செலவு பாதியாகிவிடும்.” ஏபி என்பது ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு. நல்ல மதிப்பெண் வாங்கினால் கல்லூரி அந்தப் பாடத்துக்குக் கிரெடிட் தரலாம். அவர் சொன்னதற்கு ஏகப்பட்ட கைதட்டல் வேறு. இதை நம்பி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தூங்கவிடாமல் வாட்டுகிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. என் மகன் டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். முதல் செமஸ்டரில் 16 கிரெடிட் மணிக்குப் பாடங்கள் எடுத்தான். அடுத்ததில் ஏபி கிரெடிட் கைவசம் இருந்ததால் 12 மணிதான். இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கல்விக்கட்டணம் ஒரு சென்ட்கூட இறங்கவில்லை. அங்கே 12 மணியை எட்டிவிட்டால் எத்தனை எடுத்தாலும் ஒரே கட்டணம். பாதி எங்கே போயிற்று?

ஃப்ரீமான்ட்_அம்மா:
ஒரு ஏபி தேர்வுக்கு 99 டாலர். அதே பாடத்தைக் கல்லூரியில் படித்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். இதற்கு ஒரு விவாதமா? யூசியில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) ஐந்துக்கு 3 மதிப்பெண் வாங்கினாலே யூனிட், அதாவது கிரெடிட், கிடைக்கும். என் பெண் மூன்றே வருடத்தில் பட்டம் வாங்கிவிட்டாள். உழைக்கிற பிள்ளையைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம்.

வைகைக்கரையான்:
மேடம், என் வயிறு எரிவது பிள்ளைகளுக்காக. யூசி 3-க்கு யூனிட் தரும், சரி. அந்த யூனிட் எந்தப் பாடத்தைக் கழிக்கும் என்று சொல்வது அந்தந்த வளாகமும் துறையும். உங்கள் பெண் என்ன மேஜர் (முதன்மைப் பாடம்) என்று சொல்லவே இல்லையே? இன்ஜினியரிங்கில் ஒரு பாடம் முடித்தால்தான் அடுத்தது. முதல் இரண்டு படியைத் தாண்டிவிட்டாலும் மீதிச் சங்கிலி செமஸ்டருக்கு ஒன்றாகத்தான் நகரும். நான் கேட்பது ஒன்றே ஒன்று: செமஸ்டர் குறைந்ததா, இல்லையா? குறையவில்லை என்றால் மிச்சம் பூஜ்யம்.

கொங்குநாடன்:
டெக்சஸில் இருந்துகொண்டு டெக்சஸ் சட்டம் தெரியாமல் பேசுகிறீர்களே. 2015-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அரசுக் கல்லூரிகள் 3 வாங்கினால் கிரெடிட் தந்தே ஆக வேண்டும். அப்புறம், உங்கள் மகன் 12 மணி மட்டும் எடுத்தது அவன் முடிவு. 16 எடுத்துக்கொண்டே போயிருந்தால் ஒரு செமஸ்டர் தானாகக் குறைந்திருக்கும். பையன் சும்மா இருந்ததற்கு ஏபி என்ன செய்யும்?

வைகைக்கரையான்:
என் மகனை இழுக்காதீர்கள். சட்டத்தை முழுதாகப் படியுங்கள். மேல் பாடத்துக்கு அடிப்படையாக இருக்கும் பாடம் என்றால், ஆதாரம் காட்டி 3-க்கு மேல் கேட்கக் கல்லூரிக்கு அதே சட்டம் இடம் கொடுக்கிறது. கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் அங்கேதான் சிக்கும். போன வருடம் எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) விவாதத்திலும் இப்படித்தான் பாதி படித்துவிட்டு வந்தீர்கள். 2021-லேயே யூசி எஸ்ஏடியைத் தூக்கிவிட்டது. அதற்குப் பிறகும் கலிஃபோர்னியா பெற்றோருக்கு “கோச்சிங் சேருங்கள்” என்று அறிவுரை சொன்னவர் யார்?

கொங்குநாடன்:
அவர்கள் வெளி மாநிலக் கல்லூரிக்கும் போடுவார்கள் என்று அப்போதே விளக்கினேன். ஒரு வருடமாக மனசில் வைத்திருக்கிறீர்கள், பெரிய மனசு.

தமிழ்ப்பள்ளி_ஆசிரியை:
காசுக் கணக்கே பேசுகிறீர்கள். ஏபியில் சீனம், ஜப்பானியம், இத்தாலியம், லத்தீன்கூட இருக்கிறது. தமிழ் இல்லை. சனி, ஞாயிறு தமிழ்ப்பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் “ஏபி ஸ்பானிஷ் படிக்கணும் டீச்சர்” என்று நின்றுவிடுகிறது. அதற்கு யாராவது இங்கே ஒரு வரி எழுதினீர்களா?

ஃப்ரீமான்ட்_அம்மா:
நியாயமான ஆதங்கம். ஆனால் கலிஃபோர்னியாவில் எங்கள் பக்கம் தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஹைஸ்கூலில் மொழிப்பாடக் கிரெடிட் கிடைக்கிறது. டெக்சஸ்காரர்கள் இதற்கெல்லாம் முயற்சி செய்வதில்லை போலிருக்கிறது.

தமிழ்ப்பள்ளி_ஆசிரியை:
நான் டெக்சஸ்தான் மேடம். பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவள். முயற்சியைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்.

புதுவரவு:
வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. ஏபி எடுக்கவா, டூயல் கிரெடிட் (ஹைஸ்கூலுக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் வகுப்பு) எடுக்கவா? செலவுக்கு எது நல்லது?

வைகைக்கரையான்:
தம்பி, மாநிலத்துக்குள்ளேயே அரசுக் கல்லூரி என்றால் டூயல் கிரெடிட் பெரும்பாலும் செல்லும். ஆனால் அதில் வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) நிலைத்து நிற்கும், ஏபி மதிப்பெண் அப்படியில்லை. ஹார்வர்ட் கனவு என்றால் ஏபி கிரெடிட்டை மறந்துவிடுங்கள், பட்டத்துக்குக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். டார்ட்மத் கல்லூரியும் 2014-ல் சேர்ந்தவர்களிலிருந்து நிறுத்திவிட்டது. மெடிக்கல் என்றால் இன்னும் கஷ்டம். ஏபி பயாலஜியை நம்பிக் கல்லூரிப் பாடத்தைத் தாண்டினால், பல மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்காது. எங்கே போனாலும் கேட்க வேண்டியது இதுதான்: செமஸ்டர் குறையுமா?

ஃப்ரீமான்ட்_அம்மா:
திரும்பவும் செமஸ்டரா! ஹார்வர்டுக்கு எத்தனை பேர் போகிறார்கள்? 99 டாலர் கொடுத்து ஒரு பாடம் கழிந்தால் அந்த இடத்தில் இரண்டாவது மேஜர் எடுக்கலாம், இன்டர்ன்ஷிப் போகலாம். அது காசில்லையா?

வைகைக்கரையான்:
குழுவில் எழுதியது “செலவு பாதி” என்று. இன்டர்ன்ஷிப்பைப் பற்றி அவர் பேசவே இல்லை.

கொங்குநாடன்:
ஒரு செமஸ்டர் முன்னால் முடித்தால் வாடகை, சாப்பாடு எல்லாம் மிச்சம். கல்விக்கட்டணத்தைவிட அதுதான் பெரிய தொகை.

வைகைக்கரையான்:
டிசம்பரில் முடிக்கிற பிள்ளைக்கு வளாகத்துக்கு வெளியே எந்த வீட்டுக்காரர் டிசம்பரோடு ஒப்பந்தம் போடுகிறார்? ஜூலை வரை கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நடு வருடத்தில் சப்லீசுக்கு (உள்வாடகைக்கு) ஆள் பிடித்துப் பாருங்கள், தெரியும். மெரிட் ஸ்காலர்ஷிப் எட்டு செமஸ்டருக்கு என்று கொடுத்திருந்தால் எட்டாவது செமஸ்டர் பணமும் போச்சு.

ஃப்ரீமான்ட்_அம்மா:
என் பெண் மூன்று வருடத்தில் முடித்தாள். இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வைகைக்கரையான்:
மேஜர் என்னவென்று முன்பே கேட்டாயிற்று. கோடை வகுப்புகள் எத்தனை, அதற்குக் கட்டியது எவ்வளவு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏபி மட்டும்தான் காரணமா என்று பார்த்துவிடலாம்.

ஃப்ரீமான்ட்_அம்மா:
பெண்ணின் விவரத்தை முகம் தெரியாதவர்களிடம் ஒப்பிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. 99 டாலர், அவ்வளவுதான்.

புதுவரவு:
கோடை வகுப்புக்குத் தனிக் கட்டணமா?

கொங்குநாடன்:
வைகை சார், நீங்கள் அந்த இரண்டு பில்லையும் முதலில் போடுங்கள். அப்புறம் மற்றவர்களிடம் கணக்குக் கேட்கலாம்.

வைகைக்கரையான்:
போடுகிறேன். எஸ்ஏடி கோச்சிங்குக்கு நீங்கள் கட்டிய ரசீதையும் பக்கத்தில் போடுங்கள்.