‘லெஃப்ட்!’ என்று கத்தினால் எந்தப் பக்கம் போவது?

தெம்பனிஸ்காரர்:
போன ஞாயிறு நான் விழுந்த கதையை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கைகால் முளைத்துவிடும். காலை ஆறரை, இன்னும் விடியவில்லை. சிங்கப்பூர் சாங்கி கோஸ்ட் ரோட்டில் ஐந்து பேர் சைக்கிளில் ஒற்றை வரிசையாகப் போனோம், நான் நான்காவது. முன்னால் போன அண்ணன் “லெஃப்ட்! லெஃப்ட்!” என்று கத்தினார். பின்னால் லாரி வருகிறது, இடப்பக்கம் ஒதுங்கச் சொல்கிறார் என்று நினைத்து ஒதுங்கினேன். அவர் சொன்னது, இடப்பக்கம் பள்ளம் இருக்கிறது என்று! நேராக அதிலேயே கொண்டுபோய் இறக்கினேன். முழங்கைத் தோலும் முன்சக்கர டியூபும் போயின. பின்னால் வந்த தம்பி கொஞ்சம் இடைவெளி விட்டு வந்ததால் என்மேல் ஏறவில்லை.

அண்ணன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காதில் காற்றுதான் கேட்கும், பாதிச் சொல் வந்து சேராது. சாங்கி கிராமத்து உணவங்காடியில் தே தாரிக்கோடு உட்கார்ந்து பஞ்சாயத்து நடந்தது. இனி வாய் பொருளை மட்டும் சொல்லும்: பள்ளம், மணல், கார். பக்கத்தைக் கை காட்டும், அதுவும் பள்ளத்தின்மேல் வந்த பிறகு அல்ல, முன்கூட்டியே. கேட்டவர் பின்னால் இருப்பவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் விழுங்கிவிட்டால் ஐந்தாவது ஆளுக்கு யாருமே சொல்லாத மாதிரிதான்.

ஈசூன்காரர்:
எங்களுக்குத் தலைவலி சிவப்பு விளக்கு. 2022 ஜனவரியிலிருந்து சாலையில் ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்தைத் தாண்டக் கூடாதே; ஒற்றை வரிசையில் ஐந்து பேர், ஜோடியாகப் போனால் பத்து. நாங்கள் ஒன்பது பேர், ஒற்றை வரிசைதான் பிடிக்கும். அதனால் இரண்டாகப் பிரிந்து, நடுவில் இரண்டு விளக்குக் கம்ப தூரம், சுமார் 30 மீட்டர் விட்டுப் போவோம். மண்டாயில் முன்குழு பச்சையில் போய்விட்டது. விட்டுவிடுவார்களோ என்று பின்குழுவில் ஒருவர் மஞ்சளில் பாய்ந்தார், அடுத்தவர் பிரேக் பிடித்தார், மூன்றாமவருக்குச் சக்கரம் உரசிவிட்டது. பாவம், பின்குழுவில் யாருக்கும் வழி தெரியாது, அந்தப் பயம்தான். இப்போது ஒவ்வொரு குழுவிலும் வழி தெரிந்த ஒருவர் இருப்பார், எங்கே காத்திருப்போம் என்பதையும் கிளம்பும்போதே பேசிவிடுகிறோம்.

ஜூரோங்காரர்:
நம் ஆட்களுக்குக் கைச்சைகையும் வரும், கத்தலும் வரும். ‘முடியவில்லை’ என்ற சொல்தான் வராது. லிம் சூ காங் பக்கம் போனபோது புதிதாக வந்த தம்பியிடம் “முடியுமா?” என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் “பரவாயில்லண்ணே”. திரும்பும் வழியில் தொடைத் தசை இழுத்துப் பிடித்து, புல்லில் உட்கார்ந்துவிட்டார். பாட்டிலைப் பார்த்தால் தண்ணீர் அப்படியே இருக்கிறது. ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவே தெம்பில்லையாம்!

அப்புறம் நான் “முடியுமா?” என்று யாரையும் கேட்பதில்லை. “தண்ணி எவ்வளவு மிச்சம்?” என்று கேட்பேன். நிறைய இருக்கிறது என்று சொன்னால் அவரை எனக்கு நேர் பின்னால், இரண்டாவது இடத்துக்குக் கூப்பிட்டுக்கொள்வேன். காற்று முகத்தில் அடிக்காது, மூச்சு வாங்குவதும் எனக்குக் கேட்கும். அந்தத் தம்பி மறுவாரம் வந்ததும், “அண்ணே, நான் ரெண்டாவதா வரட்டுமா?” என்று அவரே கேட்டார்.