லைனர் மேல் மண் விழுவதற்கு முன்: பெங்களூர் குப்பைக்குழி அனுபவங்கள்

குவாரி விளிம்பு

பெங்களூரின் மாவள்ளிபுரா குப்பைமேடு 2012இல் நின்றதும், மண்டூர் குப்பைமேட்டுக்கு லாரி போவது 2014 டிசம்பரோடு நின்றதும், பிறகு குப்பை கல்குவாரிகளுக்குத் திரும்பியதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். அனுமதிக் கடிதத்தில் எழுதியிருப்பதும் குழிக்குள் இருப்பதும் ஒத்துப்போகாத ஒரு கணம், இன்னும் மனசை விட்டுப் போகாதது, அதை மட்டும் இந்தத் திரியில் எழுதுங்கள். இடத்தின் பேர், கான்ட்ராக்டர் பேர் வேண்டாம், உங்களுக்கும் பதிவின் மேல் இருக்கும் புனைபெயர் போதும்.

முதலில் குவாரிச் சுவர். 2016 திடக்கழிவு விதிகள் (2026 ஏப்ரலில் புது விதிகள் வரும்வரை நடப்பில் இருந்தவை) கேட்டது, 90 செ.மீ. களிமண் அடுக்கு, அதன் நீர்க்கசிவு நொடிக்கு 10⁻⁷ செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, அதன் மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஷீட். இரண்டும் சேர்ந்ததுதான் லைனர். அடித்தளத்தில் இதைச் செய்துவிடலாம். களிமண்ணை 15, 20 செ.மீ. கனமாகப் பரப்பி, ஈரப்பதத்தைச் சரியான அளவுக்குக் கொஞ்சம் கூடவே வைத்து, ஷீப்ஃபூட் ரோலரால் (குமிழ் வைத்த உருளை) அடுக்கடுக்காக இறுக்கினால் கிடைக்கும். சுவர் அப்படியில்லை. வெடி வைத்து உடைத்த கருங்கல், கிட்டத்தட்டச் செங்குத்து. எந்த ரோலர் ஏறும்? வரைபடத்தில் மட்டும் சுற்றிலும் ஒரே கனத்தில் கோடு.

பார்த்த காட்சி: மேலே ஷீட் ஓரத்தைப் பிடித்து வைக்கும் பள்ளத்தில் (ஆங்கர் டிரெஞ்ச்) புதைத்த கறுப்பு ஷீட் கொடியில் போட்ட புடவை மாதிரி தொங்குகிறது. காற்று உள்ளே புகுந்து தூக்கும்போது பின்னால் களிமண்ணும் இல்லை, துணி மெத்தையும் இல்லை, வெறும் பாறை. ஒரு கல்முனை பட்ட இடத்தில் ஷீட் வெள்ளையாக வெளிறியிருந்தது. ஓட்டை இன்னும் விழவில்லை. ஆனால் உள்ளே 20 மீட்டர் குப்பை ஏறி அமுங்கும்போது ஷீட்டைக் கீழே இழுக்கும், அந்த வெளிறிய இடத்திலிருந்துதான் கிழியும்.

சரியான வழி இருக்கிறது. முனைகளைத் தட்டி, சிமென்ட் கலவை பீச்சிச் சுவரைச் சமன் செய்ய வேண்டும். பிறகு கனமான ஜியோடெக்ஸ்டைல் துணி, பென்டோனைட் (நீர் பட்டால் உப்பும் களிமண்) பாய், அதன் மேல் ஷீட். ஒரேயடியாக மேலிருந்து தொங்கவிடாமல், குப்பை ஏற ஏறப் படிப்படியாகச் சுவரில் ஏற்ற வேண்டும். செலவு கூடும், அதனால்தான் வரைபடத்தில் அந்த ஒற்றைக் கோடு.

வெட்ஜ் வெல்டர்

அண்ணா சுவரைச் சொன்னார், தளத்திலயும் நடக்கும். ஷீட்டும் ஷீட்டும் சேர்ற மூட்டுதான் உயிர். ஹாட் வெட்ஜ்ங்கற சூட்டு ஒட்டு மெஷின் ரெண்டு தடமா ஒட்டும், நடுவுல ஒரு காத்துக்குழாய் விடும். ரெண்டு முனையையும் அடைச்சு, ஊசி குத்தி, சுமார் 2 பார் அழுத்தம் ஏத்தி, 5 நிமிஷம் பாக்கணும். 0.2 பாருக்கு மேல இறங்குனா ஃபெயில்.

இதுவரைக்கும் எல்லாரும் செய்வாங்க. அடுத்த படியைத்தான் விட்டுடறாங்க. 5 நிமிஷம் ஆனதும் எதிர்முனையை பிளேடால வெட்டணும். வெட்டின உடனே இந்தப் பக்கம் அழுத்தமானி முள் சடார்னு விழணும். ஒரு இடத்துல வெட்டினாங்க, முள் அப்படியே நின்னுச்சு. அதுக்குள்ள ரிஜிஸ்டர்ல அந்த மூட்டுக்கு 'பாஸ்' எழுதி கையெழுத்தும் ஆயிடுச்சு. முள் நின்னா என்ன அர்த்தம்? குழாய் நடுவுல எங்கயோ சேறோ மடிப்போ அடைச்சிருக்கு, சோதனை நடந்தது பாதி நீளத்துக்குத்தான், மீதி சோதிக்கவே இல்லைன்னு அர்த்தம். அடைப்பைக் கண்டுபிடிச்சு அங்க வெட்டி, ரெண்டு பாதியையும் தனித்தனியா சோதிச்சு, வெட்டின இடத்துல பேட்ச் வச்சு எக்ஸ்ட்ரூஷன் வெல்டு (உருக்கின பிளாஸ்டிக்கைப் பிதுக்கி ஒட்டறது) போட்டு, பேட்ச்சை வேக்குவம் பாக்ஸ்ல (காத்தை உறிஞ்சிக் கசிவு பாக்கற பெட்டி) பாக்கணும்.

இதோட 150 மீட்டர் மூட்டுக்கு ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு இழுவைச் சோதனைக்கு அனுப்பணும். தினமும் காலையில, மெஷின் நின்னு மறுபடி ஓட்டும்போதும், தனியா ஒரு துண்டுல டிரையல் வெல்டு போட்டு உரிச்சுப் பாக்கணும். ஒட்டு உரியக்கூடாது, ஷீட்தான் கிழியணும்.

வெயிலையும் மறக்காதீங்க. 100 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடு ஏறினா அரை மீட்டருக்கு மேல நீளும். மத்தியானம் மண்ணைத் தள்ளினா அந்த நீளம் எல்லாம் சுருக்கமா எழும்பி, மடிஞ்சு, டோசருக்கு அடியில நசுங்கும். விடியக்காலை ஷீட் இறுக்கமா கிடக்கும்போதே மூடுங்க.

எடைமேடை

நான் சொல்ல வருவது பழைய குப்பைமேட்டைக் கிளறிப் பிரிக்கும் மானியம். தூய்மை இந்தியா 2.0இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்துக்கு மத்திய பங்கு 25 சதவீதம், மீதியை மாநிலமும் மாநகராட்சியும் பார்த்துக்கொள்ள வேண்டும். டன் கணக்கில்தான் பணம். அதனால் எல்லாத் தகராறும் ஒரே இடத்தில்: மேட்டில் எத்தனை டன்?

ட்ரோன் சர்வே கன அளவைத்தான் தரும், எடையைத் தராது. கன அளவை அடர்த்தியால் பெருக்க வேண்டும். நாலு லட்சம் கன மீட்டர் மேடு என்று வையுங்கள். அடர்த்தி கன மீட்டருக்கு 0.6 டன் என்றால் 2.4 லட்சம் டன். 1.0 என்றால் 4 லட்சம் டன். டன்னுக்கு 550 ரூபாய் வீதம் போட்டால் வித்தியாசம் 8.8 கோடி. அந்த ஒரு எண் அறிக்கையின் கடைசிப் பக்கத்து இணைப்பில், ஒரே வரியில், எந்தக் குழி தோண்டி எடுத்தது என்ற விவரமே இல்லாமல் இருந்தது. அந்த வரிதான் கண்ணுக்குள் நிற்கிறது.

குழி தோண்டாமல் அடர்த்தி கிடையாது. மேட்டின் மேல், நடு, அடி மூன்று ஆழத்திலும், குறைந்தது பத்துப் பன்னிரண்டு இடத்தில், 1 மீட்டர் × 1 மீட்டர் × 1 மீட்டர் வெட்டி, வந்ததை எடைமேடையில் ஏற்ற வேண்டும். அதே நாளில் ஈரப்பதம் பார்க்க வேண்டும். குவாரி என்றால் இன்னொரு தலைவலி, அடிமட்டம் தெரியாது. கல் எடுத்த காலத்துச் சுரங்கத் துறை வரைபடத்தை எடுத்து வைக்காமல் சர்வே போட்டால், கன அளவே ஊகம்தான்.

பழைய டிராமல்

எடைமேடை சார், 1.0ஐத் தப்பு என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். பத்து வருஷம் மக்கி, மண் பாதியாக, மழையில் ஊறிக் கிடக்கும் மேடு கன மீட்டருக்கு ஒரு டன் தாராளமாக வரும். மண் கலக்காத புதுக் குப்பைதான் 0.5, 0.6. எண்ணைச் சண்டைக்கு இழுக்காதீர்கள், ஈரத்தைக் கேளுங்கள்.

100 டன் உள்ளே போகிறது, ஈரம் 40 சதவீதம். அதாவது காய்ந்த பொருள் 60 டன். நீளமான வின்ட்ரோக் குவியலாக்கி, நுண்ணுயிர்க் கல்ச்சர் தெளித்து, வாரம் ஒரு முறை புரட்டிக் காயவைத்து ஈரத்தை 20 சதவீதத்துக்கு இறக்கினால் கையில் இருப்பது 75 டன். 25 டன் ஆவியாகப் போனது. வெளியே போன ஆர்.டி.எஃப். (ஆலைக்கு எரிபொருளாகப் போகும் பிளாஸ்டிக், துணி), மண், கல், கட்டட இடிபாடு எல்லாம் கூட்டி 75 வந்தால் கணக்கு நேர். 98 வந்தால் காயவே வைக்கவில்லை, அல்லது எடைச்சீட்டு பொய்.

காயவைக்காமல் டிராமல் என்கிற சுழல் சல்லடையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு லாரி போதும். ஈரமண் 6 மி.மீ. கண்ணை ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடும். விழ வேண்டிய மண் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு ஆர்.டி.எஃப். பக்கம் போகும். அழுத்திப் பேலாகக் கட்டி, தார்ப்பாய் போட்டு, சிமென்ட் ஆலைக்கு முந்நூறு நானூறு கிலோமீட்டர் போன லோடு சாம்பல் அதிகம் என்று அப்படியே திரும்பி வந்து கேட்டில் நின்றது. தார்ப்பாயைக் கூட அவிழ்த்திருக்கவில்லை, ஓரத்தில் கை விட்டு மாதிரி எடுத்த ஒரு கிழிசல் மட்டும். ராத்திரி அது மேட்டிலேயே கொட்டப்பட்டது. உள்ளே போன சீட்டு ஒன்று, வெளியே போன சீட்டு ஒன்று, திரும்பி வந்ததற்குச் சீட்டே இல்லை. அதே குப்பை மறுபடி சல்லடைக்குப் போனால் மறுபடி டன்.

ஆலையின் எடைச்சீட்டு, ஏற்றுக்கொண்ட ரசீது, இரண்டும் இல்லாத ஆர்.டி.எஃப். டன்னுக்குப் பணம் விடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உலர்கழிவு அக்கா

எங்க மையத்துக்கு வந்த ஒரு பேல் பத்திச் சொல்றேன். மேல மல்டிலேயர் கவர், அழகா அடுக்கியிருந்தது. கம்பியை வெட்டினா நடுவுல முழுக்க சானிட்டரி நாப்கின். பிரிக்கிற பொண்ணுங்க கையுறைகூட இல்லாம நின்னாங்க. அவ்வளவுதான் அனுபவம்.

ஆனா இதுக்கெல்லாம் மூலம் வீட்டு வாசல். தினம் 100 கிலோவுக்கு மேல போடற அபார்ட்மென்ட், ஹோட்டல், அப்புறம் 5,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற வளாகம், இவங்கல்லாம் ஈரக்குப்பையை முடிஞ்சவரைக்கும் உள்ளயே முடிக்கணும்னு 2016 விதியில இருந்தது. உயர் நீதிமன்றம் ரெண்டு தொட்டி ஒரு பை முறையை (ஈரக்குப்பைக்கும் சானிட்டரி கழிவுக்கும் தொட்டி, உலர்குப்பைக்குப் பை) 2015லயே கட்டாயமாக்கியாச்சு. பண்ண முடியாதுன்னு சொல்றவங்களுக்கு: 100 கிலோ ஈரக்குப்பைக்கு காஞ்ச இலையோ தேங்காய்நார்த் தூளோ அதோட பருமன்ல சரிபாதி கலங்க. கைப்பிடி அளவு எடுத்துப் பிழிஞ்சா விரலிடுக்குல ஒரு சொட்டு எட்டிப் பாக்கணும், வழியக் கூடாது. வழிஞ்சா நாறும், புழு வைக்கும். உள்ள சூடு 55 டிகிரிக்கு மேல மூணு நாள் நிக்கணும், நீள தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. வாரம் ஒரு தடவை புரட்டுங்க. அம்மோனியா வாடை வந்தா இலை பத்தலை. சூடே ஏறலைன்னா காஞ்சு போச்சு, இல்ல குவியல் சின்னது, ஒரு மீட்டர் உயரமாவது வேணும். எலுமிச்சைத் தோல் நிறைய போற ஜூஸ் கடைன்னா கொஞ்சம் சுண்ணாம்பு தூவுங்க. 40, 45 நாள்ல சலிக்கலாம். விக்கறதுன்னா 4 மி.மீ. சல்லடையில 90 சதவீதம் இறங்கணும், கார்பன் நைட்ரஜன் விகிதம் 20க்குள்ள இருக்கணும்.

எடைமேடை

அக்கா, உரத்துக்குத் தனித் திரி இருக்கு. இங்கே குழி அனுமதி.

உலர்கழிவு அக்கா

குழிக்கு ஈரக்குப்பை வராம இருந்தா லீச்சேட்டே (குப்பையிலேர்ந்து வடியற கழிவுத்தண்ணி) பாதி குறையும் தம்பி. அதனாலதான் இங்க எழுதினேன்.

கன்சென்ட் கோப்பு

முதல் பதிவில் 'அனுமதிக் கடிதம்' என்று ஒருமையில் இருக்கிறது. ஒன்று இல்லை. தண்ணீர்ச் சட்டம் 1974, காற்றுச் சட்டம் 1981 இரண்டின் கீழும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் கன்சென்ட் (இசைவு), அமைக்க ஒன்று, இயக்க ஒன்று. நாளுக்கு 5 டன்னைத் தாண்டினால் 2016 திடக்கழிவு விதியின் படிவம் 1இல் தனி அங்கீகாரம் வேண்டியிருந்தது. பொதுக் கழிவு வளாகம் என்றால் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 7(i) பிரிவில் சுற்றுச்சூழல் ஒப்புதல். இவற்றில் ஏதோ ஒன்றைக் காட்டி எல்லாம் இருக்கிறது என்பார்கள். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது காலாவதி என்று உடனே தெரியும்.

மனசில் நிற்கும் கணம், ஒரு தீ. விடியற்காலையில் வெடிப்பு வழியாகப் புகை. தண்ணீர் வண்டி இரண்டு மணி நேரம் பீச்சியது, நீராவி எழுந்தது, அடியில் கறுப்புத் தண்ணீர் ஓடியது, சாயந்தரம் அதே இடத்தில் மறுபடி புகை. உள்தீயைத் தண்ணீர் அணைக்காது. எரியும் பகுதியை ஹிட்டாச்சியால் தோண்டிப் பரப்பி மண் போட்டு மூச்சடைக்க வேண்டும், அல்லது ஈரக் களிமண்ணால் மூடி வெடிப்புகளை அடைக்க வேண்டும். 2016 விதிப்படி விபத்தென்றால் படிவம் 6. அந்த வருஷக் கோப்பில் படிவம் 6 இல்லை. ஏப்ரல் 30க்குள் இயக்குபவர் உள்ளாட்சிக்குத் தரும் படிவம் 3இலும், ஜூன் 30க்குள் உள்ளாட்சி வாரியத்துக்குத் தரும் படிவம் 4இலும் தீ என்ற சொல்லே இல்லை.

தினசரி மூடல் நடந்ததா என்பதைக் கணக்கிலேயே பிடிக்கலாம். 2016 விதி 10 செ.மீ. மண் அல்லது இடிபாடு கேட்டது. அன்றைய கொட்டுமுகம் (குப்பை கொட்டிய பரப்பு) 500 சதுர மீட்டர் என்றால் 50 கன மீட்டர், 6 கன மீட்டர் டிப்பரில் எட்டு ஒன்பது நடை. மண் வந்த ரசீதில் நாளுக்கு ஒரு நடைதான் இருக்கிறதென்றால் மூடவில்லை.

ஆய்வகக் குளிர்பெட்டி

லீச்சேட் சுத்திகரிப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. மாதிரி எடுக்கும் இடத்தைப் பாருங்கள். ஆர்.ஓ. வடிகட்டியின் நல்ல தண்ணீர்க் குழாயில் பிடித்தால் பி.ஓ.டி. (அழுகும் மாசைக் காட்டும் அளவு) லிட்டருக்கு 30 மி.கி.க்குள் வரத்தான் செய்யும். வடிகட்டி ஒதுக்கும் உப்புத் தண்ணீர், அதாவது ரிஜெக்ட், எங்கே போகிறது? திரும்பக் குப்பைமேட்டிலேயே விட்டால் உப்பு சுற்றிச் சுற்றி ஏறும், சில மாதத்தில் வடிகட்டியின் மெம்பிரேன் (சவ்வு) தாங்காது. லீச்சேட் குளம், உள்ளே போகும் குழாய், வெளியே வரும் குழாய், ரிஜெக்ட் என நாலு பாட்டில் வேண்டும்.

மறக்க முடியாதது வேறு. கண்காணிப்புப் போர்வெல் மூன்றில் ஒன்று வறண்டிருந்தது. அறிக்கைப் பட்டியலில் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது: "பாதிப்பு இல்லை". தண்ணீரே இல்லாத கிணற்றுக்குப் பாதிப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? "மாதிரி கிடைக்கவில்லை" என்பதுதான் சரியான வாக்கியம்.

குவாரி விளிம்பு

மேடம், கருங்கல்லில் போர் எங்கே போடுவது? 2016 விதியில் 50 மீட்டருக்குள் என்று மட்டும்தான் இருந்தது.

ஆய்வகக் குளிர்பெட்டி

கருங்கல்லில் தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் போகும். சரிவுக்குக் கீழ்ப்பக்கம் என்று மட்டும் பார்த்தால் வெடிப்பைத் தவறவிடுவீர்கள். நிலத்தடி மின்தடைமை (ரெசிஸ்டிவிட்டி) சர்வே எடுத்து, குவாரிச் சுவரிலேயே தெரியும் கீறல்களின் திசையைக் குறித்து, அந்தக் கோடு வெளியே போகும் இடத்தில் போடுங்கள். மேல்பக்கம் ஒன்று ஒப்பீட்டுக்கு. மாதிரிக்கு முன் கிணற்றில் நிற்கும் தண்ணீரைப் போல மூன்று மடங்கு இறைத்துக் கொட்டுங்கள், தேங்கியது எதையும் சொல்லாது. உலோகத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம், பி.ஓ.டி. பாட்டில் ஐஸில், அன்றே ஆய்வகத்தில்.

முதலில் பார்க்க வேண்டியது குளோரைடு. அது மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடிவரும், மற்றதெல்லாம் பின்னால்தான் வரும். மேல்கிணற்றில் லிட்டருக்கு 60 மி.கி., கீழ்கிணற்றில் 240 என்றால் குடிநீர்த் தரமான 250க்குள்தான் இருக்கிறது, பட்டியலில் பச்சையாகவே காட்டும். ஆனால் லைனர் கசிகிறதா என்று அன்றைக்கே தேட ஆரம்பிக்க வேண்டும்.