ஒரு ஃபீல்ட் கூட்டினேன், கியூ அடைத்துக்கொண்டது

கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த கந்தோரில் நடந்தது. சித்திரை வருடப்பிறப்புக்குப் பத்து நாள் இருக்கும், புடவைக் கடைகளில் கால் வைக்க இடமில்லை. கடையில் பில் போட்டதும் அந்த விற்பனை ஒரு ஜாவா ஒப்ஜெக்டாக (புரோகிராமுக்குள் இருக்கும் தரவுப் பொட்டலம்), மெசேஜ்களைக் கியூவில், அதாவது வரிசையில், வைத்துக் கொடுக்கும் ராபிட்எம்கியூவுக்குப் போகும். இந்தப் பக்கம் ஸ்டொக் புரோகிராம் எடுத்துக் கழிக்கும். ஒப்ஜெக்டை அப்படியே சீரியலைஸ் பண்ணி (பைட்களாக மாற்றி) அனுப்பலாம், இரண்டு பக்கமும் ஜாவாதானே என்று சொன்னவன் நான்தான்.

தள்ளுபடிக்கென்று அந்த ஒப்ஜெக்டின் அச்சான கிளாஸில் ஒரேயொரு ஃபீல்ட், அதாவது ஒரு தரவுக்கான இடம், கூட்டினேன். இரவு ஒன்பதரைக்கு ஒரு கடைக்கு மட்டும் புதிய ஜார் (ஜாவா புரோகிராம் ஃபைல்) போட்டேன். பில் வந்தது. சரி என்று கொத்து ரொட்டி வாங்கக் காலி வீதிக்கு இறங்கிவிட்டேன்.

திரும்பி வந்தால் கியூவில் முந்நூறுக்கு மேல் தேங்கி நிற்கிறது. லொக் (புரோகிராம் எழுதி வைக்கும் பதிவு) முழுக்க ஒரே வரி: 'லோக்கல் கிளாஸ் இன்கம்பேட்டிபிள்' (இங்குள்ள கிளாஸ் ஒத்துப்போகவில்லை), பின்னால் இரண்டு நீண்ட எண்கள். சீரியல் வெர்ஷன் யூஐடியை (கிளாஸின் பதிப்பு எண்) நாம் எழுதாவிட்டால், கிளாஸின் பெயர், ஃபீல்ட், மெத்தட் எல்லாவற்றையும் வைத்து ஜாவாவே ஓர் எண் போட்டுக்கொள்ளும். ஃபீல்ட் கூடினால் எண் மாறும், எண் ஒத்துவராவிட்டால் மற்றப் பக்கம் வாசிக்காது. வாசிக்க முடியாத மெசேஜை எங்கள் புரோகிராம் திருப்பிக் கியூவிலேயே போட்டது. அது மறுபடி முதல் ஆளாக வந்து நின்றது. பின்னால் வந்ததெல்லாம் அடைபட்டது.

ஸ்டொக் பக்கத்துக்கும் புதிய ஜார் போட்டேன். தேங்கியது போனது. 'அப்பாடா' என்பதற்குள் மற்றக் கடைகளின் பழைய ஒப்ஜெக்ட் வந்து அதே இடத்தில் அடைத்தது! கடைசியில் லொக்கில் இருந்த பழைய எண்ணைப் புதிய கிளாஸில் கையால் எழுதி, அந்த ஒரு கடைக்கும் ஸ்டொக்குக்கும் ஒன்றாகப் போட்ட பிறகுதான் ஓடியது. பழைய மெசேஜில் தள்ளுபடி இல்லாவிட்டால் ஜாவா அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கொத்து ஆறிக் கல்லாகியிருந்தது. விடிய 101 பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

கீழே வந்த பதில்கள்:

வெள்ளவத்தைத் தம்பி: அண்ணா, நாங்கள் ஜேசனுக்கு (தரவை வெறும் எழுத்தாக அனுப்பும் முறை) மாறியும் தப்பவில்லை. நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம், இலங்கையைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்) அனுப்பினோம், ஆனால் இது யூடிசி என்று காட்டும் 'இசட்' கடைசியில் போடவில்லை. மற்றப் பக்கம் அதை இலங்கை நேரமென்று வாசித்தது. காலை 8 மணி ஓடர் எல்லாம் 2.30 ஆகிவிட்டது. அதிகாலையில் யார் இத்தனை சேலை வாங்குகிறார்கள் என்று முதலாளியம்மா கேட்ட பிறகுதான் தெரிந்தது.

தெஹிவளை அக்கா: எங்களுக்கு வாடிக்கையாளரின் டெலிபோன் நம்பர். யாரோ அதை எண்ணாக வைத்துவிட்டார்கள், 077இல் முன் பூச்சியம் போய்விட்டது. கொள்ளுப்பிட்டித் தம்பி, அந்த அடைபட்ட மெசேஜுக்கு டெட் லெட்டர் கியூ (வாசிக்க முடியாததை ஒதுக்கி வைக்கும் தனி வரிசை) வைக்கவில்லையா?

நான்: அப்போது இல்லை அக்கா. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வைத்தேன்.