மேடையில் பெர்சனல் மானிட்டர் மிக்சர்: முதல் தடவை கையில் வந்தபோது உங்களுக்கு என்ன ஆச்சு?

கீபோர்டு வாசிப்பவர்:

12 வருஷமாக, வாசிப்பது நமக்கே கேட்பதற்காகக் காலடியில் வைக்கும் வெட்ஜ் ஸ்பீக்கரை நம்பியே வாசித்து வந்தவன் நான். "அண்ணே, என் சவுண்டு கொஞ்சம் ஏத்துங்க" என்று கட்டைவிரலை மேலே காட்டினால் கன்சோலில் இருப்பவர் தலையாட்டுவார். ஏறுவது வேறு யாருடைய சவுண்டாகவோ இருக்கும். அதுவே பழகியும் போச்சு.

போன மாதம் ஒரு நிகழ்ச்சியில் ஸ்டாண்டில் மாட்டிய சின்னப் பெட்டியை, அதாவது நம் காதில் எது எவ்வளவு கேட்கணும் என்று நாமே வைத்துக்கொள்ளும் பெர்சனல் மானிட்டர் மிக்சரைக் காட்டி, "இனிமே உங்க மிக்ஸ் உங்க கையில சார்" என்றார்கள். வரிசையாக 16 பட்டன் (சேனலுக்கு, அதாவது ஒரு வாத்தியத்துக்கோ குரலுக்கோ, ஒன்று), வால்யூமுக்கு ஒரு திருகு, பேனுக்கு (சத்தத்தை இடது, வலது காதுப் பக்கம் தள்ள) ஒன்று, ஓரத்தில் மொத்தச் சத்தத்துக்கு மாஸ்டர், ஹெட்ஃபோன் சொருகும் ஓட்டை. பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி சவுண்ட் செக் முழுக்கத் திருகிக்கொண்டே இருந்தேன்.

முதல் பாட்டில் என் கீபோர்டு சரியாகக் கேட்கவில்லை, ஏற்றினேன். ஏற்றியதும் ட்ரம்ஸ் காணாமல் போனது. அதையும் ஏற்றினேன். அப்புறம் பேஸ் கிட்டார், அப்புறம் பாடும் குரல். நாலாவது பாட்டுக்கு வரும்போது எல்லாச் சேனலும் உச்சத்தில், மாஸ்டரும் உச்சத்தில். காதுக்குள் கரகரவென்று ஒரே இரைச்சல். அன்று ராத்திரி படுத்த பிறகும் காதில் 'ங்ஙீ' என்று ஓடிக்கொண்டே இருந்தது.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. ஐந்தாவது பாட்டில் இடது கையால் கீபோர்டில் கார்டு பிடித்துக்கொண்டே வலது கையால் ட்ரம்ஸைக் குறைக்கப் போனேன். பட்டன் தவறி பாடகியின் சேனலைச் சுத்தமாக இறக்கிவிட்டேன். சரணம் நடுவில் குரல் திடீரென்று நின்றுவிட்டது. மைக் போய்விட்டது என்று நினைத்து, கண்ணை உருட்டி அவரைப் பார்த்தேன். நான் பார்த்த பார்வையில் தன் பாட்டில்தான் ஏதோ தப்பு என்று பயந்து அவர் உண்மையிலேயே நிறுத்திவிட்டார். அரங்கம் முழுக்க இரண்டு வரிக்கு வெறும் தாளம்.

உங்களுக்கு இது எப்படிப் பழகியது? எதை எங்கே வைத்துக் கேட்கிறீர்கள்? கொஞ்சம் சொல்லுங்கள்.

ட்ரம்ஸ் வாசிப்பவர்:

ப்ரோ, அந்தச் சரணத்தை நினைத்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கணும்.

எனக்கு இந்தப் பெட்டி வந்தது வரம்தான். ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெட்ஜை எவ்வளவு ஏற்றினாலும் சிம்பல் அதை விழுங்கிவிடும். இன்-இயர் (காதுக்குள் சொருகும் இயர்ஃபோன்) போட்டதும் என் சிம்பலே தூரத்துக்குப் போய்விட்டது. முதல் முறையாக பேஸ்காரர் என்ன வாசிக்கிறார் என்று முழுசாகக் கேட்டேன். (சில இடங்களில் கேட்காமலே இருந்திருக்கலாம்.)

ஆனால் கிளிக் (காலம் பிடிக்க எங்கள் காதில் மட்டும் ஓடும் டிக் டிக்) விஷயத்தில் ஜாக்கிரதை. ஒரு மெல்லிய பாட்டின் முடிவில் எல்லோரும் நிறுத்திவிட்டோம், பியானோவின் கடைசிக் கார்டு மட்டும் கரைந்துகொண்டிருக்கிறது. அந்த அமைதியில் 'டிக் டிக் டிக்' என்று ஹாலுக்கே கேட்கிறது. அன்று இன்-இயரை விட்டுவிட்டுப் பெரிய ஹெட்ஃபோன் போட்டிருந்தேன். கிளிக்கையும் காது கிழியும் அளவுக்கு வைத்திருந்தேன். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்ததைத் தலைக்கு மேல் இருந்த ஓவர்ஹெட் மைக் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டது. இப்போது கிளிக்கைப் பாட்டுக்குப் பாட்டு குறைத்து வைக்கிறேன். கூர்மையான ஓசையாக இருந்தால் குறைந்த சத்தத்திலேயே தெரிகிறது.

இன்னொன்று, இன்-இயரில் கிக் ட்ரம் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) வயிற்றில் அடிக்காது. அதற்காக கிக்கை ஏற்றினால் காதுதான் வீணாகும். நான் ஸ்டூலுக்கு அடியில் ஷேக்கர் என்ற அதிர்வுக் கருவி ஒன்று மாட்டியிருக்கிறேன். கிக் விழும்போது உட்காரும் இடமே அதிரும். அதை மாட்டியதும் காதில் கிக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.

சவுண்ட் எஞ்சினியர்:

நான் கன்சோலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன். கட்டைவிரலைப் பார்த்துத் தலையாட்டுகிறவர் என்று எழுதினீர்களே, அந்த ஜாதி. எங்கள் தரப்பும் கொஞ்சம் கேளுங்கள்.

கீபோர்டு சார் செய்ததைத்தான் முதல் நாள் எல்லோரும் செய்கிறார்கள். ஏதாவது கேட்கவில்லை என்றால் கை தானாக வலது பக்கம் திருகும். அதற்குப் பதில் எது மறைக்கிறது என்று பார்த்து அதை இடது பக்கம் திருக வேண்டும். கீபோர்டு கேட்கவில்லையா? பெரும்பாலும் கிட்டார்தான் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். கிட்டாரைக் கொஞ்சம் இறக்குங்கள், கீபோர்டு தானாக வெளியே வரும்.

நான் புதியவர்களுக்குச் செய்து காட்டுவது இதுதான். எல்லாச் சேனலும் பூஜ்யம், மாஸ்டர் பாதி. முதலில் உங்கள் வாத்தியத்தை மட்டும் நிம்மதியாகக் கேட்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து காலப்பிரமாணத்துக்கு ஒன்று, கிக்கோ ஹை-ஹாட்டோ (ட்ரம்ஸில் இருக்கும் ஜோடிச் சிம்பல்) போதும். அடுத்து சுருதிக்கு ஒன்று. அப்புறம் பாட்டு. இந்த நாலோடு ஒரு பாட்டு வாசித்துப் பாருங்கள். எது இல்லாமல் தடுமாறுகிறீர்களோ அதை மட்டும் சேருங்கள். குலுக்கி வாசிக்கும் ஷேக்கர் வாத்தியமும் இரண்டாவது கோரஸ் குரலும் உங்களுக்கு எதற்கு? கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

பேன் திருகை யாரும் தொடுவதே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். எல்லாம் நடுவிலேயே இருந்தால் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்கும். கிட்டாரை இடது பக்கம் தள்ளுங்கள், இரண்டாவது கீபோர்டை வலது பக்கம் தள்ளுங்கள். மேடையில் யார் எங்கே நிற்கிறாரோ அந்தப் பக்கமே வைத்தால் மூளை சீக்கிரம் பழகிவிடும். சத்தம் கூட்டாமலே தெளிவு கிடைக்கும்.

16 சேனல்தான் இருக்கிறது என்றால் நாங்களும் முன்கூட்டியே யோசிக்கணும். ட்ரம்ஸ் மைக் எட்டையும் தனித்தனியாக அனுப்பினால் பாதிப் பெட்டி காலி. நான் கிக், ஸ்நேர், ஹை-ஹாட் மூன்றையும் தனியாக அனுப்பி, மீதியை இடது, வலது என்று ஸ்டீரியோ ஜோடியாக்கிவிடுவேன். பெட்டிக்குப் போகும் சிக்னலை ஃபேடருக்கு (ஹாலுக்குப் போகும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி) முன்னால் எடுப்பேன். அதனால் ஹாலுக்காக நான் ஃபேடரை ஏற்றி இறக்கினாலும் உங்கள் காதில் மாறாது. ஆனால் கெயினை (மைக்கிலிருந்து கன்சோலுக்கு உள்ளே வரும் அளவு) தொட்டால் ஆறு பேர் மிக்ஸும் ஒரே நேரத்தில் மாறும். அதனால்தான் சவுண்ட் செக்கில் "நிகழ்ச்சியில வாசிக்கிற அதே பலத்துல வாசிங்க" என்று கெஞ்சுகிறேன். செக்கில் தடவிக்கொடுத்துவிட்டு நிகழ்ச்சியில் வெளுத்து வாங்கினால் நான் கெயினைக் குறைத்தே ஆகணும். அப்புறம் "என் மிக்ஸ் போச்சு" என்று என்னையே திட்டுவீர்கள்.

காதில் இரைச்சல் ஓடியது என்றீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் பாதுகாப்பு அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்குக் கால் மணி நேரம். உச்சத்தில் வைத்த இன்-இயர் 100-ஐத் தாண்டுவது ரொம்பச் சுலபம். பெட்டியில் லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். யாராவது மைக்கைக் கீழே போட்டால் அந்த 'டமார்' நேராக உங்கள் செவிப்பறைக்குத்தான் வரும்.

பாடகி:

எஞ்சினியர் சார் சொன்ன நாலு சேனல் கணக்கு எனக்கும் ஒத்துவந்தது. நான் சுருதிக்கு கீபோர்டு, தாளத்துக்கு ஹை-ஹாட், என் குரல், ரொம்ப மெல்லிசாகப் பேஸ், அவ்வளவுதான் வைத்துக்கொள்வேன்.

ஆனால் பாடுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. காதை அடைத்ததும் என் குரல் மண்டைக்குள் 'ம்ம்ம்' என்று பானைக்குள் பாடுவது போல ஆகிவிட்டது. எலும்பு வழியாக ஒரு குரல், இன்-இயர் வழியாக இரண்டு மூன்று மில்லிசெகண்டு தாமதமாக இன்னொரு குரல். இரண்டும் மோதினால் குரல் சப்பையாகிவிடுமாம். ஒருமுறை கன்சோலில் என் சேனலின் போலாரிட்டியைத் திருப்பிப் போட்டார்கள், அதாவது ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். அட, குரலுக்கு உடம்பு திரும்பி வந்தது! எல்லோருக்கும் வேலை செய்யுமா தெரியாது, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கொஞ்சம் ரிவர்பும் (கூடத்தில் பாடுவது போன்ற எதிரொலி) வேண்டும். வறண்ட குரலைக் காதில் வைத்துக்கொண்டு பாடினால் நான் தேவையில்லாமல் கத்துகிறேன்.

ஜனங்களின் கைதட்டல் கேட்காதது இன்னொரு தொல்லை. கண்ணாடி அறைக்குள் நின்று பாடுவது மாதிரி இருக்கும். முதலில் ஒரு காதைக் கழற்றிவிட்டுப் பாடினேன். அப்படிச் செய்தால் மீதிக் காதில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறோம், கழற்றிய காதில் மேடைச் சத்தம் அப்படியே விழுகிறது, இரண்டுக்கும் கேடு. இப்போது மேடை ஓரத்தில் ஜனங்களைப் பார்த்து இரண்டு மைக் வைத்து அதை ஒரு சேனலில் அனுப்பச் சொல்கிறேன். ரோலண்டு எம்-48, ஆலன் அண்ட் ஹீத் எம்இ-1 போன்றவற்றில் பெட்டியிலேயே சுற்றுப்புற மைக் வருகிறது.

கடைசியாக ஒன்று. வயரோடு இருக்கும் பெட்டியைப் பாடகர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு அனுபல்லவியில் உற்சாகமாக இரண்டடி முன்னால் போனேன். ஸ்டாண்டு, பெட்டி, எல்லாம் என்னோடு கிளம்பி வந்தது.

பேஸ் கிட்டார்:

ட்ரம்ஸ் தம்பி என்னைப் பற்றி எழுதியதைப் படித்தேன். இருக்கட்டும், அடுத்த ரிகர்சலில் பார்த்துக்கொள்கிறேன்.

என் அனுபவம் கேபிள் சம்பந்தப்பட்டது. கேபிள் பார்ப்பதற்கு கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிள்தான். அதனால் கம்ப்யூட்டர்களை இணைக்கப் போடும் சாதாரண நெட்வொர்க் ஸ்விட்சைக் கொண்டுவந்து நாலு பெட்டியையும் அதில் சொருகினேன். விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் போச்சு. பெரிங்கர் பி16 வகைப் பெட்டிகளில் ஓடும் அல்ட்ராநெட் என்ற இணைப்பு, கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் ஓடும் ஈதர்நெட்டே கிடையாது, கேபிள் மட்டும்தான் ஒன்று. அதற்கென்று இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் போட்டால் ஒரே கேபிளில் 16 சேனலும் வருகிறது, பெட்டிக்குக் கரண்டும் அதே வழியாக வருகிறது.

அந்தப் பிளாஸ்டிக் கிளிப் உடைந்த கேபிளை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். யாராவது மிதித்தால் கழன்றுகொள்ளும், நீங்கள் ஊமையாகிவிடுவீர்கள். உபரியாக ஒரு கேபிள், பேட்டரி, டேப் மூன்றும் என் பையில் எப்போதும் இருக்கும்.

கிட்டார்:

பெட்டி இல்லாமல் ஃபோன் ஆப்பில் மிக்ஸ் செய்வோம் நாங்கள். வசதிதான், ஆனால் ஹால் நிறைந்து எல்லோரும் ஃபோனை எடுத்ததும் வைஃபை திணறும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் என் கிட்டார் கேட்கவே இல்லை. ஏற்றினேன், ஏற்றினேன், மூன்று பாட்டு முழுக்க ஏற்றிக்கொண்டே இருந்தேன். இடைவேளையில் ட்ரம்ஸ்காரர் காதைப் பொத்திக்கொண்டு வந்து, "யாருய்யா என் காதுல கிட்டார ஊத்துறது?" என்று கேட்டார். ஆப்பில் நான் திறந்து வைத்திருந்தது அவருடைய மிக்ஸ்.

வயலின்:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் ஒருத்தன் எதிர்க்கட்சி. நான் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயலின் இடது காதுக்குக் கீழேயே இருக்கிறது. காதை அடைத்தால் விரல் எங்கே விழுகிறது என்ற நம்பிக்கையே போய்விடுகிறது. ஒரு காதைத் திறந்து வைக்காதே என்று பாடகி அம்மா சொல்கிறார், சரி, அதுவும் நியாயம். ஐந்து பேர் இருக்கும் சின்ன மேடையில் ஒரு வெட்ஜை அளவாக வைத்து, ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்தால் போதும் என்பது என் கட்சி. ட்ரம்ஸ் இருக்கும் பெரிய மேடை என்றால் எனக்கும் வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

கீபோர்டு வாசிப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அடுத்த நிகழ்ச்சி முடிந்தது, வந்து சொல்கிறேன்.

பெட்டியில் பட்டனுக்குப் பட்டன் மாஸ்கிங் டேப் ஒட்டி, தடித்த பேனாவில் பெயர் எழுதினேன். பாடகியின் பட்டனுக்கு மேல் மட்டும் சிவப்பு டேப். எஞ்சினியர் சார் சொன்னபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன். கீபோர்டு, ஹை-ஹாட், பேஸ், பாட்டு. அதற்கு மேல் சேர்த்தது கிளிக், சுற்றுப்புற மைக், டாக்பேக் (எஞ்சினியர் எங்களோடு பேசும் மைக்) மூன்றுதான். மீதி ஒன்பதைத் தொடவே இல்லை. கிட்டார் எனக்கு இடது பக்கம் நிற்பவர், அவருடைய ஆம்பிலிருந்தே போதுமான அளவு கசிந்து வருகிறது. மாஸ்டர் பாதிக்கு மேல் போகவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தபோது ஃபேன் சத்தம் கேட்டது.

ஏழாவது பாட்டில் சரணம் ஆரம்பித்ததும் பாடகியின் குரல் சட்டென்று நின்றது. இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை. சிவப்பு டேப்பை அழுத்தினேன், திருகினேன், டேப்பைப் பிய்த்து ஒட்டினேன், கேபிளை ஆட்டிப் பார்த்தேன். முழுசாக நாலு வரி போன பிறகு தலையைத் தூக்கினால், அவர் மைக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பேட்டரி மூடியைத் திறந்துகொண்டிருக்கிறார்.