தைவானுக்கு இடம் கொடுக்காத உலக சுகாதார நிறுவனத்தை நடுநிலை என்று சொல்ல முடியுமா?

மழைத்துளி:
பொது சுகாதாரம் படிக்கிறேன், இந்த விஷயம் இரண்டு நாளாக மனதைக் குடைகிறது. இனம், மதம், அரசியல் பார்க்காமல் எல்லாருக்கும் ஆரோக்கியம் அடிப்படை உரிமை என்று அவர்களுடைய சாசனத்திலேயே இருக்கிறது. ஆனால் 2 கோடியே 30 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருக்கிற தைவானுக்கு அங்கே இடமில்லை. 2020 மார்ச்சில் ஹாங்காங் நிருபர் ஒருவர் தைவானைச் சேர்ப்பீர்களா என்று கேட்டார். மூத்த அதிகாரி புரூஸ் ஐல்வர்ட் கேள்வி காதில் விழவில்லை என்றார், மறுபடி கேட்கப் போனதும் அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றார், அப்புறம் இணைப்பே துண்டித்துவிட்டது. அந்தக் காணொளியைப் பார்த்ததிலிருந்து கேட்கத் தோன்றுகிறது, இதற்குப் பெயர் நடுநிலையா?

திசைமானி:
கோபம் நியாயம்தான். ஆனால் யாரை உறுப்பினராக்குவது என்பதை முடிவு செய்வது அதிகாரிகள் இல்லை, உறுப்பு நாடுகளின் ஓட்டு. 1971 அக்டோபரில் ஐ.நா. 2758ஆம் தீர்மானத்தின் மூலம் அதுவரை தைவான் அரசு வகித்துவந்த சீனாவின் இடத்தை பெய்ஜிங் அரசுக்குக் கொடுத்தது, 1972இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் சுகாதாரப் பேரவையும் அதையே பின்பற்றியது. அந்தத் தீர்மானத்தில் தைவான் என்ற சொல்லே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் சண்டை அதன் பொருளைப் பற்றித்தான். ஐ.நா. உறுப்பினராக இருந்தால்தான் சேர முடியும் என்றும் இல்லை. குக் தீவுகளும் நியுவேயும் ஐ.நா.வில் இல்லை, சுகாதார நிறுவனத்தில் முழு உறுப்பினர்கள்.

வார்டு_எண்_6:
திசைமானி சொல்வதை முழுசாக ஏற்க மாட்டேன். ஓட்டுதான் எல்லாமென்றால் 2009 முதல் 2016 வரை தைவான் ‘சீன தைபே’ என்ற பெயரில் பார்வையாளராக எப்படி உட்கார்ந்தது? தலைமை இயக்குநரின் அழைப்புக் கடிதம் போதுமானதாக இருந்தது. தைவானில் ஆட்சி மாறி பெய்ஜிங்கோடு உறவு கெட்டதும், 2017 முதல் கடிதம் வரவில்லை. நோய்க்கிருமியில் எந்த மாற்றமும் இல்லை, மாறியது அரசியல்தான்.

நான் நர்ஸ், அதனால் எனக்கு 2003இல் பரவிய சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய்தான் பெரிசு. மார்ச் நடுவில் தைவானில் முதல் நோயாளி, ஏப்ரல் கடைசியில் தைபேயில் ஒரு மருத்துவமனையை ஊழியர், நோயாளி எல்லாரையும் உள்ளே வைத்தே மூடினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இரண்டு பேர் போய்ச் சேர்ந்தது மே மாதத்தில். உள்ளே மாட்டிக்கொண்ட செவிலியருக்கு எந்தத் தீர்மானம் என்ன சொல்கிறது என்பதா முக்கியம்? 2020 ஜனவரி 31 அன்று இத்தாலி சீன விமானங்களை நிறுத்தியபோது தைவான் விமானங்களையும் சேர்த்தே நிறுத்தியது, அப்போது தைவானில் நோயாளிகள் பத்துப் பேர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையில் தைவானையும் சீனாவின் தலைப்பின்கீழ் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

கரையோரம்:
வரைபடத்தில் கோடு போடுவதும் இதே தலைவலிதான், உலக சுகாதார நிறுவனத்தின் கொரோனா வரைபடத்தில் காஷ்மீருக்கு வேறு நிறம் போட்டதற்கு இந்தியா ஆட்சேபம் தெரிவித்தது நினைவிருக்கும்.

ஆனாலும் நடுநிலையை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் காசாவில் போலியோ சொட்டு மருந்துக்காகப் பகுதி பகுதியாகச் சண்டையை நிறுத்த வைத்தார்கள், முதல் சுற்றிலேயே 10 வயதுக்குட்பட்ட சுமார் 5 லட்சத்து 59 ஆயிரம் குழந்தைகளுக்கு மருந்து போனது. எல்லை யாருக்குச் சொந்தம் என்று ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஏதாவது ஒரு தரப்பு கதவை மூடியிருக்கும். களத்தில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பது ஒன்று, ஒரு மக்கள்கூட்டத்தைத் தகவலுக்கு வெளியே நிறுத்துவது வேறு. முதலாவதை நான் எப்போதும் ஆதரிப்பேன்.

மழைத்துளி:
கரையோரம் பிரித்துச் சொன்னது உதவியாக இருக்கிறது. சர்வதேச சுகாதார விதிமுறைகளின்படி 2009 முதல் தைவானுக்கு ஒரு தொடர்பு வழி உண்டு என்று படித்தேன், வூஹான் நிமோனியா பற்றி 2019 டிசம்பர் 31 அன்று தைவான் உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலும் அந்த வழியாகத்தான் போனதாம். ஆனால் தாங்கள் அனுப்புவது மற்ற நாடுகள் பார்க்கும் உள்தளத்தில் ஏறவில்லை என்பது தைவானின் புகார். உறுப்பினர் பதவியை விடுங்கள், அந்தத் தளத்தில் ஏற்றுவதற்குமா ஓட்டு வேண்டும்? திசைமானி, விதி தெரிந்தால் சொல்லுங்கள்.