உதவி: மந்திரம் போட்டதற்குக் கிரிமினல் என்கிறது, காவலர்கள் கொன்றுகொண்டே இருக்கிறார்கள்

நள்ளிரவுச்சுடர்:
அவசரம். ஊருக்குள் ஒரு சூனிய மந்திரம் போட்டேன், அவ்வளவுதான். யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. உடனே தலைக்கு விலை வைத்துவிட்டார்கள், காவலர்கள் துரத்தித் துரத்திக் கொல்கிறார்கள், எழுந்தால் மறுபடி கொல்கிறார்கள், வங்கிப் பக்கமே போக முடியவில்லை. இந்தத் தண்டனை நிரந்தரமா? எப்படி நீக்குவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

அகழி:
எந்த கேம்?

மழைக்காகிதம்:
தலைப்பைப் பார்த்து நிஜ போலீஸ் என்று பதறி, நல்ல வக்கீலைப் பாருங்கள் என்று பாதி எழுதிவிட்டேன். அப்புறம்தான் "எழுந்தால் மறுபடி கொல்கிறார்கள்" என்ற வரி கண்ணில் பட்டது.

மின்வெட்டு:
எந்த கேமாக இருந்தாலும் சரி, முதலில் ஆட்-ஆன் (கேமில் தனியாகச் சேர்க்கும் கூடுதல் நிரல்) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கேமைத் திரும்பத் திறந்து பாருங்கள். இந்த மாதிரிக் கோளாறில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கும்.

பழையவீரன்:
1997இல் வெளியான அல்டிமா ஆன்லைன் கேமிலேயே இதெல்லாம் இருந்தது. அப்பாவி என்றால் பெயர் நீல நிறம், குற்றம் செய்தால் சாம்பல், கொலைக் கணக்கு 5 ஆனால் சிவப்பு. பக்கத்தில் நிற்பவன் "கார்ட்ஸ்" என்று தட்டினால் போதும், காவலர் வந்து நின்று ஒரே வெட்டு. யாரும் இப்படி உதவி இழை போட்டு அழவில்லை. இப்போது திரையில் எழுதியிருப்பதைப் படிக்கக்கூட ஆளில்லை.

அகழி:
பழையவீரன் ஐயா, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல எந்த கேம் என்று தெரிய வேண்டாமா?

நள்ளிரவுச்சுடர்:
ஈஎஸ்ஓ. நெக்ரோ. ஆட்-ஆன் எதுவும் இல்லை.

அகழி:
எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்றால் இது கோளாறே இல்லை. 2019இல் எல்ஸ்வேர் என்ற கூடுதல் பகுதியோடு நெக்ரோமான்சர் (பிணங்களை எழுப்பும் மந்திரவாதி வகை) வந்ததிலிருந்தே இப்படித்தான். இன்னும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எந்த ஸ்கில் போட்டீர்கள், பவுண்டி (தலைக்கு வைத்த விலை) இப்போது எந்த நிலையில் இருக்கிறது, முதல் காவலர் வந்து பேசியபோது எந்தப் பதிலை அழுத்தினீர்கள்?

மின்வெட்டு:
ஆட்-ஆன் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். ஃபோல்டரைத் திறந்து பார்த்தீர்களா?

நள்ளிரவுச்சுடர்:
எலும்புக்கூடு வந்து கூடவே நின்று சுடுமே, அது. காவலர் கிட்டே வந்ததும் ஓடு என்று ஒரு பதில் இருந்தது, ஓடினேன். இப்போது ஃபியூஜிட்டிவ் என்று காட்டுகிறது.

அகழி:
ஸ்கெலிட்டல் மேஜ். அந்த ஸ்கில் மேல் மவுசை வைத்தால் விளக்கத்திலேயே கிரிமினல் ஆக்ட் என்று இருக்கும். பிணம், எலும்பு என்று எழுப்புகிற மந்திரங்களுக்குத்தான் இந்த முத்திரை, பிளாஸ்ட்போன்ஸுக்கும் உண்டு, கொலோசஸ் அல்டிமேட்டுக்கும் உண்டு. ஆனால் மந்திரம் போட்டாலே குற்றம் என்று நினைக்காதீர்கள், ஊர்க்காரர் பார்த்தால்தான் குற்றம். குகையிலோ டஞ்சனிலோ எத்தனை எலும்புக்கூடு எழுப்பினாலும் கேட்க நாதியில்லை. இந்த எலும்புக்கூடு 20 விநாடி உங்கள் பக்கத்திலேயே நிற்கும் வேறு.

முதலிலேயே அபராதத்தைக் கட்டியிருந்தால் சின்னத் தொகையோடு போயிருக்கும். ஓடியதால் காவலர்கள் ஆயுதத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களை அடிக்க அதே எலும்புக்கூட்டைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்கிற ஆள் இருந்தால் ஒவ்வொரு முறையும் பவுண்டி ஏறும், காவலரை அடிப்பதும் தனிக் குற்றம். அவர்களைக் கொல்லவும் முடியாது, வீண் வேலை. பவுண்டி ஏற ஏற வரும் நிலைகளில் டிஸ்ரெப்யூட்டபிள், நொட்டோரியஸ் வரைக்கும் காவலர் நிறுத்திப் பணம் கேட்பார். ஃபியூஜிட்டிவ் ஆகிவிட்டால் பேச்சே கிடையாது, கண்டதும் வெட்டு.

செய்ய வேண்டியது: எதையும் கூப்பிடாமல், யாரையும் அடிக்காமல், பக்கத்து அவுட்லாஸ் ரெஃப்யூஜ் என்ற குற்றவாளிகள் புகலிடத்துக்குள் ஓடுங்கள். உள்ளே காவலர் வரமாட்டார்கள். அங்கே ஃபென்ஸ் (திருட்டுப் பொருள் வாங்குபவர்) ஒருவர் இருப்பார், அவரிடமே பவுண்டியைக் கட்டலாம். கையில் லீனியன்ஸி எடிக்ட் என்ற மன்னிப்புப் பத்திரம் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், பவுண்டி குறையும். ஒன்றும் இல்லை என்றாலும் தானாகவே மெதுவாக இறங்கும், நிரந்தரம் இல்லை. இனிமேல் ஊருக்குள் நுழையுமுன் அந்த ஸ்கில்லைத் திரையின் ஸ்கில் வரிசையிலிருந்து எடுத்துவிட்டு வேறு ஏதாவது வையுங்கள்.

தும்பி:
அமைப்புகளில் அப்பாவிகளைத் தாக்காமல் தடுக்கும் ஆப்ஷன் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?

அகழி:
அது அடி தவறி ஊர்க்காரர் மேல் விழாமல் இருக்க. இதற்கு அதை நம்பிப் போகாதீர்கள்.

கருங்குதிரை:
எனக்கு ரொம்ப நாளாக எரிகிற விஷயம் இது. நெக்ரோ பாவம் ஒரு எலும்புக்கூட்டைக் கூப்பிட்டால் கிரிமினல், ஆனால் சோர்சரர் (இன்னொரு மந்திரவாதி வகை) நடு வங்கியில் க்ளான்ஃபியர், சிறகு வைத்த ட்வைலைட் என்ற டேட்ராக்களை நிறுத்திக்கொண்டு சாவகாசமாகப் பெட்டி நோண்டிக்கொண்டிருப்பார், காவலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டேட்ரா வேற்றுலகப் பிசாசு ஐயா! இந்தக் கதையில் உலகத்தையே விழுங்க வருகிறவன் மோலக் பால், அவனும் டேட்ரா இளவரசன்தானே?

தும்பி:
பிசாசுக்கு ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லை, எலும்புக்கூட்டுக்கு இருக்கிறார்கள். உங்கள் தாத்தாவை எவனோ எழுப்பி வங்கி வாசலில் காவலுக்கு நிறுத்தினால் சும்மா இருப்பீர்களா?

கருங்குதிரை:
டன்மர்கள் (மோரோவிண்ட் நாட்டு இருண்ட எல்ஃப் இனத்தவர்) தாங்களே முன்னோர் ஆவியைக் கூப்பிடுகிறார்கள், அது மட்டும் பக்தியா?

தும்பி:
ஆமாம், அது குடும்ப விஷயம். வெளியாள் வந்து டன்மர் பிணத்தைத் தொட்டால் மோரோவிண்டில் தலை தப்பாது. யார் வீட்டுப் பிணம் என்பதுதான் அங்கே கேள்வி.

பழையவீரன்:
கதை தெரியாமல் பேசுகிறீர்கள். மேஜஸ் கில்ட் என்ற மந்திரவாதிகள் சங்கத்தின் தலைவர் ஹானிபல் ட்ராவன் நெக்ரோமான்சியைத் தடை செய்தார், அதனால் சட்டம். விஷயம் முடிந்தது.

கருங்குதிரை:
ஐயா, ட்ராவன் வருவது இதே தொடரின் ஆப்லிவியன் என்ற வேறு கேமில், மூன்றாம் யுகத்தின் கடைசியில். ஈஎஸ்ஓ நடப்பது இரண்டாம் யுகம் 582இல். இடையில் ஏழு நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது. இன்னும் பிறக்காதவர் போட்ட தடைக்கு இவரை எப்படி வெட்டுவார்கள்? வேனஸ் கலேரியனைச் சொல்லியிருந்தால்கூட ஒத்துக்கொண்டிருப்பேன். கில்டைத் தொடங்கியதே அவர்தான், நெக்ரோமான்சி என்றாலே அவருக்கு ஆகாது.

பழையவீரன்:
நான் பொதுவாகச் சொன்னேன்.

மழைக்காகிதம்:
கேம் விளையாடாதவள் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பார்த்தால்தான் குற்றம் என்றால், மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று போட்டால்?

அகழி:
ஊர்க்காரர் யாரும் பார்க்காதவரை ஒன்றுமில்லை. ஆனால் கூட்டமான ஊரில் அப்படி ஒரு மரம் கிடைப்பது கஷ்டம்.

கருங்குதிரை:
யாராவது என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். க்ளான்ஃபியர் ஏன் சட்டப்படி சரி?

நள்ளிரவுச்சுடர்:
சரியாகிவிட்டது, நன்றி.

அகழி:
எது வேலை செய்தது? ஃபென்ஸிடம் கட்டினீர்களா, எடிக்டா? இதே சிக்கலோடு அடுத்து வருகிறவர்களுக்கு உதவும், ஒரு வரி போடுங்கள்.

மின்வெட்டு:
ஆட்-ஆன்தானே?