வெள்ளைக்காரன் போட்ட சட்டம் உங்கள் வீட்டில் இன்னும் எங்கே நிற்கிறது? அனுபவங்களை எழுதுங்கள்

ஏரிக்கரை

நாங்கள் இருளர். சாதிச் சான்றுக்கு எப்படி அலைய விடுவார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேராக விசாரணை நாளுக்கு வருகிறேன்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் மகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். கன்னியம்மாவுக்கு எப்படிப் பூசை செய்வீர்கள்? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போவீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எலி பிடிக்கத் தெரியுமா என்றார்கள். "தாத்தாவுக்குத் தெரியும் சார், எனக்குத் தெரியாது. நான் நர்சிங் சேரப் போகிறேன்" என்றாள், கணீரென்று. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு தைரியமாகப் பேசுகிறாயே, உன்னைப் பார்த்தால் இருளர் பெண் மாதிரியே இல்லையே?" பக்கத்தில் நின்ற உதவியாளர் சிரித்தார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

1965இல் லோக்கூர் குழு பழங்குடி என்பதற்கு வைத்த அளவுகோல்களில் 'வெளியாரோடு பழகக் கூச்சம்' என்று ஒன்று உண்டு. சுதந்திர நாட்டின் குழுதான். ஆனால் மனிதர்களை அப்படி அளந்து அட்டவணை போடும் பழக்கம் வெள்ளைக்காரனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. பெண் பயந்து முனகியிருந்தால் அன்றே கையெழுத்து விழுந்திருக்கும்.

சான்று கிடைத்துவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சீகைக்காடு

நீலகிரி. நாங்கள் தோடர். எங்கள் மந்தில், அதாவது எங்கள் குடியிருப்பில், கோயிலுக்குக் கூரை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு புல் இருக்கிறது. சதுப்பில்தான் வளரும், வேறு புல்லை வைத்து வேய முடியாது. மந்துக்குக் கீழே என் அப்பா காலத்தில் அறுத்த சதுப்பு இப்போது சீகை (வாட்டில்) மரத்தடியில் காய்ந்து கிடக்கிறது. அதனால் எங்கெங்கோ தேடி, மேலே ஒரு பள்ளத்தில் கொஞ்சம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம்.

வனக் காவலர் வந்தார், இளம் பையன். மரியாதையாகத்தான் பேசினார். "அண்ணா, இது காப்புக்காடு. அனுமதிக் கடிதம் இருக்கிறதா?" பெரியவர் ஒருவர் அரிவாளை அப்படியே புல்லின் மேல் வைத்துவிட்டு, கையை மடியில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். யாரும் கேட்கவே இல்லை. காவலருக்கு அதை வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தப் பெரியவரின் பாட்டன் எருமை மேய்த்த இடம் அது.

எருமை மேய்ந்த புல்வெளியை 'தரிசு' என்று எழுதினான் வெள்ளைக்காரன். தரிசில் மரம் வைக்கலாம் அல்லவா? 1840களிலேயே கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வந்துவிட்டது. 1882இல் சென்னை வனச் சட்டம். அந்தச் சட்டப்படி, உரிமை இருப்பவர்கள் அறிவிப்பு வந்தபின் குறித்த கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். எழுத்தே இல்லாத மந்தில் யார் போய் அறிவிப்பைப் படிப்பது?

கணக்குப்பிள்ளை

சீகைக்காடு அவர்களே, வருத்தம் புரிகிறது. ஆனால் சரித்திரத்தைச் சரியாக எழுதுங்கள். நீலகிரியில் சீகையும் கற்பூர மரமும் பெருவாரியாக நடப்பட்டது 1950களுக்குப் பிறகு. தோல் பதனிடவும் ரேயான் ஆலைக்கும் மரம் வேண்டும் என்று நம் அரசுதான் நட்டது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்வது வசதியாக இருக்கிறது. அவன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

(எனக்கு அனுபவம் என்று எதுவும் இல்லை. படித்ததைச் சொல்கிறேன்.)

சீகைக்காடு

நட்டது யார் என்று நான் சண்டை போடவில்லை ஐயா. 1950களில் நட வந்தவர்கள் கையில் வைத்திருந்த வரைபடம் யாருடையது? அதில் எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு என்ன பெயர் இருந்தது?

உசிலம்பட்டிப் பேரன்

கணக்குப்பிள்ளைக்கு என் தாத்தாவைக் காட்டியிருக்க வேண்டும்.

ரேகைச் சட்டம், அதாவது பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதிய குற்றப் பரம்பரைச் சட்டம், என்றால் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெருங்காமநல்லூர், 1920 ஏப்ரல் 3. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற சனத்தைச் சுட்டார்கள். தாத்தா அதற்கெல்லாம் பின்னால் பிறந்தவர். ஆனால் அவருடைய அய்யா ராத்திரியானால் போலீஸ் கச்சேரியில் போய்ப் படுத்ததையும், வெளியூர் போக ராதாரிச் சீட்டுக்கு, அதாவது அனுமதிச் சீட்டுக்கு, காத்து நின்றதையும் பார்த்து வளர்ந்தவர்.

ரேஷன் கடையில் விரல் வைக்கும் இயந்திரம் வந்த புதிது. அரிசி வாங்க நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் இயந்திரத்தை நீட்டினார். தாத்தா வலது கையை வேட்டி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். "விரலை வையுங்கள் தாத்தா" என்றார் கடைக்காரர். அவர் அசையவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் கையைப் பிடித்து இழுக்கப் போனேன். "நான் என்னடா களவாண்டேன்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை, என் காதருகே குனிந்து கேட்டார். அரிசி வாங்காமலே திரும்பினோம். பிறகு அம்மாவின் விரலில் வாங்கினோம்.

சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது, நாடு முழுக்க 1952இல். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

பனைநிழல்

உசிலம்பட்டிப் பேரன், தவறாக நினைக்க வேண்டாம். இந்த இழை பழங்குடிகளைப் பற்றியது. நீங்கள் சீர்மரபினர், அதாவது முன்பு குற்றப் பரம்பரைச் சட்டத்தில் இருந்தவர்கள்; பழங்குடிப் பட்டியலில் இல்லை. இரண்டையும் கலந்தால் எங்கள் பிரச்சினை அமுங்கிப்போகும்.

உசிலம்பட்டிப் பேரன்

பட்டியலைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. இட ஒதுக்கீட்டில் பங்கு கேட்டும் வரவில்லை. தலைப்பில் "வெள்ளைக்காரன் போட்ட சட்டம்" என்று இருந்தது, எழுதினேன். 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தவன் அதற்குள் இழுத்துப்போட்ட கூட்டங்களுக்கு 'டிரைப்' (பழங்குடி) என்றுதான் பெயர் வைத்தான். அவனிடம் போய்க் கேளுங்கள்.

மனு எழுதுபவர்

சண்டையை விடுங்கள். எனக்கும் ஓர் அனுபவம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். வனஉரிமை மனுவை வாங்கிய எழுத்தர் ஒருவர், "75 வருட ஆதாரம் எங்கே?" என்று கேட்டுத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான விஷயம். 75 வருடம், அதாவது மூன்று தலைமுறை, என்பது பழங்குடியல்லாத பிற வனவாசிகளுக்கு மட்டும். பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அனுபவத்தில் இருப்பதைக் காட்டினால் போதும். 2006ஆம் ஆண்டு வனஉரிமைச் சட்டம் சொல்வது இது. பத்திரம்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. விதி 13ஐ வாசியுங்கள்: பழைய கிணறு, இடுகாடு, கோயில் இடம், ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலம் எல்லாமே சாட்சியம். ஆனால் ஒன்றை மட்டும் வைக்காதீர்கள், குறைந்தது இரண்டு வையுங்கள். தனிநபர் நில உரிமைக்கு நான்கு ஹெக்டேர் வரை பட்டா, கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும், விற்க முடியாது. மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிராம சபை முடிவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். எவ்வளவு கோபம் வந்தாலும் வாய்மொழியாகப் பேசிவிட்டு வராதீர்கள். மனுவில் முத்திரை போட்டு நகல் வாங்காமல் அலுவலகப் படியை இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் 2016 வரை பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. அதனால் பல அலுவலகங்களில் இன்னும் நடைமுறையே தெரியாது. நீங்கள்தான் விதியை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

ஏரிக்கரை அவர்களுக்கு: விசாரணை அதிகாரி அப்படிப் பேசியதை எழுத்தில் புகார் செய்திருக்கலாம். இப்போதும் செய்யலாம்.

ஏரிக்கரை

அடுத்த பிள்ளைக்கும் அதே அலுவலகத்தில்தான் சான்று வாங்க வேண்டும் சார்.

சீகைக்காடு

மனு எழுதுபவருக்கு: எங்களுக்கு நிலப் பட்டா வேண்டாம். சதுப்பில் புல் அறுக்கவும் எருமை மேய்க்கவும் உரிமை வேண்டும். அது சமூக உரிமை மனுவில் வரும் என்று ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மந்தில் கூடுகிறோம். அதற்குள், வரைபடத்தை நாங்களே கையால் வரைந்து வைக்கலாமா, அல்லது சர்வேயர் வந்துதான் ஆக வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.